பூதத்துக்குத் தைத்த உறை

எங்கள் லைன் வீடுகளில் யார் எதைக் கேட்டுப் போனாலும் மெஷின் அக்கா வாயிலிருந்து முதலில் வருவது மறுப்புதான். ஜாக்கெட் கை பிடிக்கிறது, கொஞ்சம் பிரித்துக் கொடுங்கள் என்றால், "என்னால ஆகாது, வேற ஆளைப் பாரு." பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது யூனிஃபார்ம் துணியோடு போய் நின்றால், "நடக்கிற காரியமாடி இது? எடுத்துக்கிட்டு ஓடு." அரை கிளாஸ் சர்க்கரை கடன் கேட்டால்கூட, "இல்ல, இல்ல, இங்க என்ன ரேஷன் கடையா நடக்குது" என்று சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறப்பாள். வாய் ஒரு பக்கம் போகும், கை இன்னொரு பக்கம் போகும். அந்தக் கையைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். வாயை யாரும் சட்டை செய்வதில்லை.

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. மெஷின் அக்கா, மெஷின் அக்கா என்று பெரியவர் சிறியவர் எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அது எங்கோ அடியில் போய்விட்டது. கொச்சி மட்டாஞ்சேரியில் அந்த வரிசையில் இருந்ததெல்லாம் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள்தான். அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் ஓடை சுத்தம் செய்யும் வேலை. மெஷின் அக்காவின் புருஷனுக்கு மிளகுக் கிட்டங்கியில் சுமடு தூக்கும் வேலை. அவள் யூதர் தெருவான ஜூ டவுனில் மசாலாக் கடைகளுக்குத் துணிப்பை தைத்துக் கொடுப்பாள். வெள்ளைக்காரர்கள் ஏலக்காயும் பட்டையும் வாங்கிப் போவார்களே, சுருக்குக் கயிறு வைத்த சின்னப் பை, அதுதான். அந்தக் கடைக்காரரும் ஒவ்வொரு ஆர்டருக்கும் "பற்றில்ல சேட்டா", முடியாது அண்ணே, என்று அவள் வாயால் கேட்டுவிட்டுத்தான் திரும்புவார். குறித்த நாளில் பை வந்து சேரும்.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் புதுத் திரை வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் ஒருதரம் வந்தார்கள். "சாமிக்கும் முடியாது" என்றாள். "சாமி காரியம்க்கா, அப்படிச் சொல்லக்கூடாது" என்று ஒருவர் இழுத்தார். "அப்ப சாமியே வந்து கேக்கட்டும்" என்று கதவைச் சாத்தினாள். கொடியேற்றத்தன்று விடிந்து பார்த்தால் மஞ்சளும் சிவப்புமாகத் திரை தொங்குகிறது, அடியில் குஞ்சம் வேறு. தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரர்களும் கொடித்துணியோடு வருவார்கள். இரண்டு பேரையும் திட்டி அனுப்பிவிட்டு இரண்டு கொடியையும் தைப்பாள்.

விஷயம் தெரியாதவர்கள் பாடுதான் திண்டாட்டம். தென்காசிப் பக்கத்திலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண், தாய்வீட்டில் கொடுத்த துணியை எடுத்துக்கொண்டு ஆசையாகப் போனாள். "எனக்கு வேற வேலை இல்லையா?" என்று மெஷின் அக்கா கேட்டாளாம். அந்தப் பெண் குழாயடியில் நின்று பொலபொலவென்று அழுதுவிட்டாள். மறுநாள் சாயங்காலம் ஜாக்கெட் அவள் வீட்டுக் கொடியில் கிடந்தது. போட்டால் வார்த்து வைத்த மாதிரி இருந்தது. அளவே எடுக்கவில்லையே என்று அவள் திகைக்க, எங்கள் அம்மா, "திட்டும்போது ஏற இறங்கப் பாத்திருப்பா, அதான் அளவு" என்றாள்.

நான் ஒருநாள் கேட்டேவிட்டேன். "செய்யத்தானே போறீங்க, சரின்னு சொன்னா என்ன அக்கா? நாக்கு தேஞ்சுடுமா?"

"சரின்னு சொன்னா அது வாக்குடி. சொன்ன நிமிஷத்துல இருந்து கழுத்துல கல்லு. மாட்டேன்னு சொல்லிட்டு செஞ்சா யாருக்கு நஷ்டம்? நான் இதுவரை ஒருத்தருக்கும் வாக்கு குடுத்ததில்ல, அதனால ஒருத்தருக்கும் வாக்கு தவறினதும் இல்ல. போ, போய் நூல் எடுத்துட்டு வா."

"அப்ப கல்யாணத்துக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் புருஷன் உள்ளிருந்து குரல் கொடுத்தார். "அதுக்கும் இன்னும் சரின்னு சொல்லல. நான் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." மெஷின் அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினை வேகமாக மிதித்தாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் எங்கள் அம்மா ஒரு காரியத்தை ஒப்படைத்தாள். தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு மூத்தவள் செல்விக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம். அவளுக்கும் எனக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம், அதனால் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். மாப்பிள்ளை மூணாறு எஸ்டேட்டில் தேயிலை ஃபாக்டரியில் வேலை. நல்ல இடம், நல்ல மனுஷர்கள், அவர்களும் தமிழ்க்காரர்கள். எல்லாம் சரி. ஆனால் செல்விக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. தூசி பட்டால், குளிர்காற்று அடித்தால், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். மருந்தை வாயில் வைத்து அடிக்கிற பம்பு ஒன்று வைத்திருந்தாள். அது எங்கள் வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அக்கம்பக்கத்தார் காதில் விழாமலிருக்க நாங்கள் இளைப்பு என்ற சொல்லையே சொல்ல மாட்டோம். "பூனை வந்துடுச்சு" என்போம்.

ஒளித்ததற்குக் காரணம் இருந்தது. இதற்கு முன் ஆலுவாவில் ஒரு இடம் பேசி, தட்டு மாற்றுகிற வரைக்கும் வந்து, யாரோ போய் இளைப்பு என்று ஊதிவிட, அவர்கள் ஒரே வாரத்தில் ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். செல்வி ஒரு மாதம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தத் தடவை அம்மா வாயைத் தைத்துக்கொண்டாள். மூணாறுக்காரர்களிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. தை மாதம் கல்யாணம். தை மாதத்தில் மூணாறு எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே, "பொண்ணுக்கு நல்ல கனமா ஒரு போர்வை மட்டும் குடுத்து விடுங்க சம்பந்தி, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

கொச்சியில் கனமான போர்வைக்கு எங்கே போவது? நாங்கள் போர்த்துவதெல்லாம் பழைய சேலைதான். அம்மா ஃபோர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹோட்டலில் அறை பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தாள். அங்கே எப்போதோ தங்கிய வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன ஒரு கம்ஃபர்ட்டர் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. மெத்தைக்கும் போர்வைக்கும் நடுவில் ஒரு சாமான். உள்ளே செயற்கைப் பஞ்சு, மேலே வழுவழுப்பான துணி. முதலாளியம்மா தூக்கிப் போடச் சொன்னதை அம்மா கேட்டு வாங்கி ரிக்‌ஷாவில் கொண்டுவந்தாள். ஓரம் பிரிந்து, பஞ்செல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கி, தொட்டால் தும்பு பறந்தது. செல்வி பக்கத்தில் வந்ததுமே இருமினாள்.

அதைப் பார்த்ததும் மெஷின் அக்கா இரண்டடி பின்னால் போனாள். "எந்தாது, பூதமா? என் வீட்டுக்குள்ள இதெல்லாம் கேறாது. கொண்டு போ."

"சூடு இருக்கு, தூசியும் இருக்கு. தூசி வெளிய வராத மாதிரி ஒரு உறை தச்சுக் குடு" என்றாள் அம்மா. பிறகு அவள் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தி, "இன்னொரு விஷயம். எதுக்கு இந்த உறைன்னு அந்தப் பக்கத்து ஆளுங்க யாராவது கேட்டா வாய் திறக்கக்கூடாது. செல்வி வாழ்க்கை உன் கையில இருக்கு."

"ரெண்டும் முடியாது" என்றாள் மெஷின் அக்கா.

அம்மா நிம்மதியாக எழுந்து வந்துவிட்டாள். "சொல்லியாச்சு, இனி அவ பாத்துப்பா" என்று அப்பாவிடம் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வரிசையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அடுத்த நாளே பூதம் குளித்தது. மூன்று பேர் சேர்ந்து பிழிந்தும் தண்ணீர் வடியவில்லை. கொட்டகைக் கூரை மேல் போட்டு மூன்று வெயில் காய்ந்தது, காகத்தை விரட்டியது நான். பிறகு மெஷின் அக்கா மூக்கில் துணி கட்டிக்கொண்டு பஞ்சைக் கையால் பரத்தி, ஒரு சாணுக்கு ஒரு தையலாக நெடுக ஓட்டி, ஒதுங்காமல் நிறுத்தினாள். உறைக்கு நெருக்கமாக நெய்த காடாத் துணி, உள்பக்கம் இன்னொரு துணி, இரண்டுக்கும் நடுவில் அம்மாவின் நைந்த சேலை. மூன்றையும் சேர்த்துக் கட்டம் கட்டமாக மெஷினில் அடித்தாள். அதையே போர்த்தலாம் போல இருந்தது. பூதத்தை உள்ளே விட்டு நாலு பக்கமும் இழுத்துத் தைத்து, பெருமையாக எங்கள் முன் போட்டாள்.

செல்வி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "அக்கா, இதைத் துவைக்கறது எப்படி?"

மெஷின் அக்கா அவளைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள். இலவம்பஞ்சு மெத்தைக்கு நாலு பக்கமும் அடைத்துத்தான் தைப்பார்கள். கையும் அந்தப் பழக்கத்திலேயே ஓடிவிட்டது. துவைக்காத உறையில் தூசி சேர்ந்தால் செய்ததெல்லாம் வீண். "இனி என்னால ஆகாது. இப்படியே கொண்டுபோய்ப் போத்திக்கோ" என்று கத்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஒரு பக்கத் தையலைப் பிரித்தாள். கால்மாட்டுப் பக்கம் பட்டன் வைத்தாள். பட்டன் இடுக்கில் தும்பு வருமே என்று அதன் மேல் ஒரு மடிப்பு. உள்ளே பூதம் நழுவாமலிருக்க நாலு மூலையிலும் நாடா. அந்த நாடாவைக் கட்ட நான் உறைக்குள் தவழ்ந்து போக வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது என்னைப் பார்த்து இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அம்மாவுக்குத் திருப்தி வரவில்லை. "அங்க போய்ப் பூனை வந்துட்டா என்ன பண்றது? இங்கயே ஒருதரம் போத்திப் பாத்துடலாம்."

"இந்த வெயில்லயா? பிள்ளையை வேக வைக்கப் போறியா? நான் இதுக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மெஷின் அக்கா தானே பாயை விரித்தாள். மத்தியானம். காற்று பட்டால் கணக்கு தப்பிவிடும் என்று அம்மா ஃபேனை நிறுத்தினாள். செல்வி கழுத்து வரை மூடிப் படுத்துக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். அவள் நெற்றியில் வேர்வை ஆறாக ஓடியது. தலைமுடி நனைந்து பாயில் ஒட்டிக்கொண்டது. "அம்மா, நான் இங்கயே செத்துடுவேன் போல, மூணாறு வரைக்கும் போகத் தேவையில்ல" என்று முனகினாள். மெஷின் அக்கா குனிந்து அவள் நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் கேட்டாள். எனக்கு அந்த நேரம் சாமி பேர்கூட ஞாபகம் வரவில்லை.

"சுத்தம்" என்றாள். "ஒரு சத்தமும் இல்ல."

அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். அப்போது வாசலிலிருந்து, "சம்பந்தியம்மா, வீட்ல இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது.

மாப்பிள்ளையின் அம்மா. ஆலுவாவில் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்துக்கு வந்தவள், வந்ததோடு மருமகளை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பஸ் ஏறி வந்திருக்கிறாள். கையில் ஒரு பொட்டலம் தேயிலை. உள்ளே எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றாள். கொச்சி வெயிலில், ஃபேன் இல்லாமல், மலை மாதிரி போர்வைக்கு அடியில் பெண் வேர்த்துக் கிடக்கிறது. சுற்றி மூன்று பெண்கள், ஒருத்தி தலைக்கு மேல் கும்பிட்டபடி.

"அய்யய்யோ! பொண்ணுக்கு என்னாச்சு?"

"காய்ச்சல்" என்றாள் அம்மா. "காய்ச்சல் இல்ல. அது வந்து... சும்மா. விளையாட்டு."

"விளையாட்டா?"

"போர்வை நல்லா இருக்கான்னு பாக்கறோம் அத்தை" என்றேன் நான். பொய்யில்லை பாருங்கள்.

அந்த அம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்து உறையின் ஓரத்தை விரலால் நிமிண்டிப் பார்த்தாள். குளிர் ஊர்க்காரி, போர்வை அவளுக்குத் தெரிந்த சமாசாரம். "போர்வை சரி. அதுக்கு எதுக்கும்மா இத்தன உறை? மூணு துணி வச்சு, பட்டனுக்கு மேல மடிப்பு வேற வச்சு. ஊசி முனை போவாது போலிருக்கே. யாரு தச்சது?"

"நான்தான்" என்றாள் மெஷின் அக்கா.

"எதுக்கு இப்படி?"

அம்மா அவளைப் பார்த்த பார்வையைக் கல் பார்த்திருந்தாலும் கரைந்திருக்கும். மெஷின் அக்கா அம்மா பக்கம் திரும்பவே இல்லை. செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு இளைப்பு உண்டு. தூசி ஆகாது. அதுக்குத்தான் இப்படி."

போச்சு. எல்லாம் போச்சு. பாவி, இத்தனை வருஷம் பழகி கடைசியில் இப்படிக் கழுத்தறுத்தாளே என்று அவளைப் பிறாண்ட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அம்மா சுவரோடு சாய்ந்துவிட்டாள். செல்வி போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

மாப்பிள்ளையின் அம்மா அவளிடம் நேராகக் கேட்டாள். "எப்பப்ப வரும் தாயி?"

"தூசி பட்டா. குளிர்காத்து அடிச்சா. பம்பு அடிச்சா நின்னுடும்."

"நீயே பாத்துக்குவியா?"

"இத்தன நாளும் நான்தான் பாத்துக்கறேன்."

அந்த அம்மாள் கொஞ்சநேரம் தேயிலைப் பொட்டலத்தின் சணலையே முறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "நல்ல வேளை சொன்னீங்க. சொல்லாம விட்டுருந்தா என் பையன் ஒரு நா ராத்திரி பயந்தே செத்துருப்பான். நீங்க சொன்னதுக்கு அப்புறம் நான் மறைச்சா எனக்குச் சோறு எறங்காது. எங்க பக்கமும் ஒண்ணு இருக்கு. அவனுக்கு இடது காது கேக்காது. ஃபாக்டரி மெஷின் சத்தத்துல போயிருச்சு. பொண்ணு பாக்க வந்தன்னிக்குத் தெரிஞ்சிரக் கூடாதேன்னு நான் அவன் இடது பக்கமா ஒட்டி உக்காந்துக்கிட்டேன்."

செல்விதான் முதலில் வாயைத் திறந்தாள். "அதான் நான் பேசறப்பெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரா? என்னைப் பிடிக்கலையோன்னு நினைச்சு நான் எத்தன நாள் தூங்கல தெரியுமா!"

சுவரில் சாய்ந்திருந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. நான் ஓடிப்போய் ஃபேனைப் போட்டேன். சாயா போட்டு நாலு பேரும் குடித்தோம், செல்வி மட்டும் ஒரு செம்பு மோர் குடித்தாள். போகும்போது அந்த அம்மாள் உறையைத் தடவி, "எனக்கும் இப்படி ஒண்ணு தச்சுத் தருவீங்களா?" என்று கேட்க, மெஷின் அக்கா "ஆகாது" என்றாள். அவள் முகம் வாடுவதற்குள் நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில், "தைப்பாங்க, தைப்பாங்க!" என்று கத்தினோம்.

அந்த அம்மாள் தலை மறைந்ததும் அம்மா மெஷின் அக்கா பக்கம் திரும்பினாள். "சொல்லாதேன்னு உன் கைய பிடிச்சுச் சொன்னேன்ல?"

"ரெண்டும் முடியாதுன்னு நானும் அப்பவே சொன்னேன்ல? உறை தச்சேன், அது உம் பொண்ணுக்காக. மூடி மறைக்கறேன்னு உனக்கு எப்ப சொன்னேன்? மலை மேல, யாரும் தெரியாத வீட்டுல, மூச்சு முட்டறப்ப அவ பம்பைத் தேடி எங்க ஓடுவா? நீ யோசிச்சியா?"

"கலியாணம் நின்னிருந்தா?"

"நின்னிருந்தா நின்னிருக்கும். பிள்ள இருப்பாள்ல?"

அம்மாவுக்குக் கோபம் போகவில்லை. நல்லபடியாக முடிந்தது வேறு, இவள் செய்தது வேறு என்று அவளுக்கு ஒரு கணக்கு. கல்யாணத்தில் மெஷின் அக்கா முதல் ஆளாக நின்று காய் நறுக்கினாள், செல்விக்குத் தலை பின்னிவிட்டாள். அம்மா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம் சொல்லி, அவளிடம் சொல்லச் சொல்வாள். எனக்கு இரண்டு பேர் நடுவிலும் கால் வலித்தது.

செல்வி போய் ஒரு வாரம் தகவல் இல்லை, அம்மாவும் மெஷின் அக்காவோடு இன்னும் பேசவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரே போன், மெஷின் அக்கா பை கொடுக்கும் ஜூ டவுன் மசாலாக் கடையின் போன்தான். அந்த நம்பரைத்தான் செல்வியிடம் எழுதிக் கொடுத்திருந்தோம். ஒருநாள் காலையில் கடைப் பையன் ஓடிவந்து, "மூணாறில்நின்னு போன், இப்ப திரும்ப விளிக்கும்" என்றான். அம்மாவும் நானும் மெஷின் அக்காவும் ஆளுக்கொரு செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினோம். மணி அடித்ததும் அம்மா எடுத்தாள். செல்வி கத்திப் பேசியது பக்கத்தில் நின்ற எங்களுக்கும் கேட்டது.

"நேத்து ராத்திரி இளைப்பு வந்துச்சும்மா" என்றாள். பூனை என்று சொல்லவில்லை.

அம்மா மிளகு மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். மெஷின் அக்கா முகம் செத்துவிட்டது. அம்மா கேட்ட முதல் கேள்வி, "யாராவது பாத்தாங்களா?"

"எல்லாரும் பாத்தாங்கம்மா. அத்தை வெந்நி வச்சுக் குடுத்தாங்க. உறையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஜன்னல் திறந்து கிடந்துருக்கு, அந்தக் காத்துதான். அவரு பம்பை எடுத்துக் குடுத்துட்டு முதுகைத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தாரு." செல்வி கொஞ்சம் தயங்கினாள், பக்கத்தில் அவர் நின்றிருக்க வேண்டும். "நான் அவரு இடது பக்கம் படுத்திருந்தேனா, முதல்ல அவருக்குச் சத்தம் கேக்கல. நான்தான் உலுக்கி எழுப்பினேன். இனிமே என் வலது பக்கமே படு, நீ மூச்சு விடறது எனக்குக் கேக்கணும்னு சொல்லிட்டாரு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் கன்னத்தில் வழிய வழிய, போனை மெஷின் அக்காவின் கையில் திணித்தாள்.

"இந்தா, நீ பேசு" என்றாள்.